பக்கத்து வீட்டுக்கு ஓர் அகதிக் குடும்பம் வந்தால்: எதில் கைகொடுப்பது, எதில் ஒதுங்கி நிற்பது

கேள்வி இதுதான்: போருக்குத் தப்பி வந்த ஒரு குடும்பம் உங்கள் பக்கத்து வீட்டில் குடிவந்திருக்கிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. உதவ ஆசை இருக்கிறது. எங்கே தொடங்குவது, எது உதவி, எது தொந்தரவு என்றுதான் தெரியவில்லை. வரும் சனிக்கிழமை முதல்முறையாகப் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறீர்கள். என்ன வாங்கிக்கொண்டு போவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் 16 வருடங்களாகத் தஞ்சம் கோரி வருபவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். விசாரணை அறையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை முடிந்த பிறகு அவர்கள் வீடுகளுக்கும் போய் வருகிறேன். அதிலிருந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஓடி வந்தவர்கள் இழந்ததில் வீடு, நிலம், நகை எல்லாம் நம் கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் போவது ஒன்று உண்டு. தங்கள் காரியத்தைத் தாங்களே முடிவுசெய்யும் நிலை. எங்கே படுப்பது, எப்போது சாப்பிடுவது, எந்த ஊருக்கு அனுப்பப்படுவது என்று எல்லாவற்றையும் வருடக்கணக்கில் யாரோ தீர்மானித்திருப்பார்கள். நாம் செய்வது அந்த நிலையைக் கொஞ்சமாவது அவர்கள் கைக்குத் திருப்பிக் கொடுக்கிறதா, இல்லை அவர்களுக்காக முடிவெடுக்கும் இன்னோர் ஆளாக நாமும் போய்ச் சேர்ந்துகொள்கிறோமா? எந்த உதவியையும் நான் இதை வைத்துத்தான் அளக்கிறேன்.

முதலில், அவர்கள் சட்டப்படி எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது முக்கியம். ஆனால் அதை நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்கள் சொல்லும்போது புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்து வைத்திருங்கள், போதும். பேச்சில் எல்லோரையும் அகதி என்று சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் அது குறுகலான சொல். 1951 ஜூலை 28 அன்று ஜெனீவாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது. இதில் ஒன்றின் பேரால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தோடு சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் அகதி. முதலில் அது 1951 ஜனவரி 1க்கு முன் நடந்தவற்றால் ஓடி வந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. 1967இல் வந்த நெறிமுறை அந்தத் தேதியை எடுத்துவிட்டது.

அந்த ஐந்தில் 'போர்' இல்லை என்பதைக் கவனியுங்கள். குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவர், தன்னை ஏன் குறிவைக்கிறார்கள் என்பதையும் காட்ட வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் 1969இல் செய்துகொண்ட உடன்படிக்கையும், லத்தீன் அமெரிக்காவின் 1984 கார்ட்டஹேனா பிரகடனமும் போரால் ஓடியவர்களையும் அகதிகளாகச் சேர்த்துக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் இப்படிப்பட்டவர்களுக்கென்று 2001இல் ஒரு தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம் எழுதிவைத்தது. அதை முதன்முதலாக எடுத்துப் பயன்படுத்தியது 2022 மார்ச்சில், உக்ரைனிலிருந்து வந்தவர்களுக்காக.

ஆகவே உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அகதி அந்தஸ்து கிடைத்தவர்களாக இருக்கலாம். விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களாக இருக்கலாம். தற்காலிக அனுமதியில் இருக்கலாம். முகாமிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டு மீள்குடியேற்றத்தில் வந்தவர்களாகவும் இருக்கலாம். காத்திருப்பவர்களைப் பல நாடுகள் மாதக்கணக்கில் வேலை செய்ய விடுவதில்லை. அது தெரியாமல் "ஏன் வீட்டிலேயே இருக்கிறீர்கள், ஏதாவது வேலைக்குப் போகலாமே" என்று நல்லெண்ணத்தில் கேட்டாலும், அந்த மனிதருக்கு அது கன்னத்தில் அறைந்தது போல இருக்கும். வேலை, படிப்பு தேடி வந்து குடியேறுபவர்களின் நிலை வேறு. அவர்களுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் உண்டு, பாஸ்போர்ட் காலாவதியானால் தூதரகத்தில் போய்ப் புதுப்பிக்கலாம். அகதி அந்தத் தூதரகத்தின் படியே ஏற முடியாது. மற்றபடி மொழி, வேலை, தனிமை இதெல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். நான் கீழே சொல்வதில் பாதி அவர்களுக்கும் பொருந்தும்.

அடுத்தது காகிதம். நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அநேகமாக இதில்தான் இருக்கிறது. ஒரு வீட்டில், சமையலறை அலமாரி மேல் பிரிக்காத கடிதங்கள் 11 இருந்ததைப் பார்த்தேன். எல்லாம் ஒரே நிற உறை. அந்த வீட்டுப் பெரியவருக்கு அந்த நாட்டு மொழி தெரியாது என்பது பாதிக் காரணம்தான். உறையைப் பார்த்தாலே அவருக்குக் கை நடுங்கியது. அவருடைய ஊரில் அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தால் யாரையோ கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஒன்பது விளம்பரம், பேருந்து அட்டை, இந்த மாதிரி. பத்தாவது, நேர்காணலுக்கான அழைப்பு; தேதி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பதினொன்றாவது, வராததற்கு விளக்கம் கேட்டு, இன்னும் ஐந்து நாள் கெடுவோடு. அன்றைக்கு மாலையே அவருடைய வழக்கறிஞரைப் பிடித்தோம், புதுத் தேதி கிடைத்தது. ஐந்து நாள் கழித்துப் போயிருந்தால் விண்ணப்பமே கைவிடப்பட்டதாக முடிந்திருக்கும்.

எல்லா நாட்டுச் சட்டத்திலும் இப்படிக் கெடுக்கள் நிறைய. அமெரிக்காவில் வந்து சேர்ந்த ஒரு வருடத்துக்குள் தஞ்ச விண்ணப்பம் போட வேண்டும். ஜெர்மனியில் அந்தஸ்து கிடைத்து மூன்று மாதத்துக்குள் மனு கொடுத்தால்தான், வருமானம் காட்டச் சொல்லாமல் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ள விடுவார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்குச் சில நாடுகளில் வாரக்கணக்கு, சில நேரம் நாள் கணக்குதான். அதனால் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், கடிதங்களைச் சேர்ந்து உட்கார்ந்து பிரிக்கலாமா என்று கேளுங்கள். படித்துச் சொல்லுங்கள், தேதியைக் காலண்டரில் அவர்களையே எழுத விடுங்கள். பதில் என்ன எழுதுவது என்பதை மட்டும் நீங்கள் முடிவுசெய்யாதீர்கள். அது வழக்கறிஞர் வேலை. பல நாடுகளில் இலவச சட்ட உதவி உண்டு, எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து முதல் நாள் கூடப் போவது உங்கள் வேலை.

பெயரையும் சரிபாருங்கள். படிவங்களில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். குடும்பப் பெயரே இல்லாமல், அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்ளும் சமூகங்கள் உலகில் எத்தனையோ. அங்கே அப்பாவுக்கு ஒரு 'குடும்பப் பெயர்', பிள்ளைக்கு வேறு. அதைப் பார்த்துவிட்டு இவர் உண்மையிலேயே உன் அப்பாதானா என்று கேட்பார்கள். ஒரு காகிதத்தில் ஓர் எழுத்து மாறினாலும் வங்கியில் ஓர் ஆள், பள்ளியில் ஓர் ஆள், வழக்கில் இன்னோர் ஆள் என்றாகிவிடும். ஆரம்பத்திலேயே திருத்தினால் ஒரு கடிதத்தில் முடியும். ஐந்து வருடம் கழித்துக் குடியுரிமைக்குப் போகும்போது கண்டுபிடித்தால் நீதிமன்றம் வரை இழுக்கும்.

காகிதம் இல்லாமல் ஏன் வந்தார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தன்னைத் தேடும் அரசாங்கத்திடமே போய்ப் பாஸ்போர்ட் கேட்க முடியாது, அவ்வளவுதான். உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு இதை உணர்ந்து எழுதப்பட்டது: ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தன்னை ஒப்படைத்தவரை, அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது. அதற்கும் முன்பே, 1922இல், நாடற்றுப் போன ரஷ்ய அகதிகளுக்காக அன்றைய சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையராக இருந்த நார்வேக்காரர் ஃப்ரிட்யோஃப் நான்சென் ஓர் அடையாளச் சான்றிதழைக் கொண்டுவந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. ஒரு தாள் கையில் இருந்ததால் லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி வேலை தேடிக்கொண்டார்கள்.

சரி, அவர்களுடைய கதைக்கு வருவோம். என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். அதிகாரியிடம், வழக்கறிஞரிடம், மருத்துவரிடம் என்று ஏற்கெனவே பலமுறை சொல்லியாயிற்று. ஒவ்வொரு முறையும் அந்த இரவுக்குள் மறுபடி நடந்து போய் வர வேண்டும். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், குறுக்கே கேள்வி போடாமல். முன்பு ஒருமுறை சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் வித்தியாசம் இருந்தால் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் பதிந்த நினைவு தேதி வரிசையில் இருக்காது.

என் தொழிலிலேயே பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் விசாரணையில் "அவங்க வந்தாங்க, அண்ணாவைக் கூட்டிட்டுப் போனாங்க" என்றார். அவருடைய ஊரில் 'அவங்க' என்றால் யார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயர் சொல்லிப் பேசியவர்கள் உயிரோடு இல்லாததால் யாரும் பெயர் சொல்வதில்லை. அந்த விசாரணையில் மொழிபெயர்த்தவர் சொன்னபடியே மாற்றிச் சொல்ல, அடையாளம் தெரியாத நபர்கள் என்று பதிவாயிற்று. 'அண்ணா' சகோதரன் என்று பதிவாயிற்று. குடும்ப விவரப் படிவத்தில் அவருக்குச் சகோதரனே இல்லை. பெரியப்பா மகனை நாம் வேறு எப்படிக் கூப்பிடுவோம்? அதிகாரிக்கு அது முரண்பாடு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீட்டில்தான் நான் போய் உட்கார்ந்தேன். அந்த இரண்டு சொற்களை விளக்கவே பாதி நேரம் போயிற்று. அதனால் நேர்காணல் பதிவின் பிரதி கையில் கிடைத்தால், அவர்களுடைய மொழி தெரிந்த ஒருவரோடு வரி வரியாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தவறு இருந்தால் வழக்கறிஞர் வழியாக எழுத்தில் திருத்தம் கொடுக்க வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கலாம். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். மீனவர்கள் பார்த்துக் கரைசேர்த்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள். உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் ஏற்றிவந்து நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள். அது வெளியானதும் நாட்டில் பெரிய சலசலப்பு. ஆனால் பயணத்தைப் பற்றி அவர்கள் பயத்தில் சொன்னது வேறு, அவர்கள் எதிலிருந்து ஓடி வந்தார்கள் என்பது வேறு. 1983க்குப் பிறகு இலங்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதில் பொய் எதுவும் இல்லை. கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. இருந்து வேலை செய்ய அனுமதி கொடுத்தது.

கதையை 'வலுவாக்கித்' தருகிறேன் என்று காசு வாங்கும் இடைத்தரகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றி மட்டும் நேரடியாகவே எச்சரியுங்கள். ஒரே கதையைப் பத்துப் பேருக்கு எழுதிக் கொடுப்பார்கள், பத்தும் ஒரே மேசைக்குப் போகும், உண்மையிலேயே அடிபட்டவருடைய வழக்கும் அதோடு போய்விடும். ஐ.நா. அகதிகள் முகமை தன் சேவை எதற்கும் பணம் வாங்குவதில்லை. மீள்குடியேற்றப் பட்டியலில் பெயர் போடக் காசு கேட்பவர் ஏமாற்றுக்காரர்.

அந்தப் பிள்ளைகள் இன்னும் ஒரு வருடத்தில் வீட்டில் எல்லோரையும்விட நன்றாக இந்த நாட்டு மொழி பேசுபவர்களாக ஆகிவிடுவார்கள். அப்போது மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் அவர்களையே மொழிபெயர்க்கக் கூட்டிப்போகும் பழக்கம் வரும். முடிந்தவரை தடுங்கள். அம்மாவின் கர்ப்பப்பையைப் பற்றிப் பத்து வயது மகன் டாக்டருக்கு விளக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவை அடித்ததைப் பற்றி மகளே சொல்ல நேர்வதையும் பார்த்திருக்கிறேன். மருத்துவமனைகளும் நீதிமன்றங்களும் மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தரும் இடங்களில், அதை முன்கூட்டியே கேட்டு வைப்பது ஒரு தொலைபேசி அழைப்புதான். அப்போது, எந்தப் பகுதியைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும், ஆணா பெண்ணா என்பதையும் குடும்பத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். மொழி ஒன்றாக இருந்தாலும், எதிரணியைச் சேர்ந்தவர் வந்து உட்கார்ந்தால் வாய் திறக்காது.

பொருள் உதவி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய துணி வேண்டாம். அது ஏற்கெனவே மூட்டை மூட்டையாக வந்திருக்கும். என்ன தேவை என்று கேட்டு, அதை வாங்கக் கடைக்குக் கூடப் போங்கள். பணமாகக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. எதை வாங்குவது என்று அவர்களே முடிவுசெய்வார்கள். ஐ.நா. முகமையும் பெரிய நிவாரண அமைப்புகளும் பல இடங்களில் பொருளுக்குப் பதிலாகப் பணமே கொடுப்பது இந்தக் காரணத்தால்தான். படம் எடுத்து வலைத்தளத்தில் போடாதீர்கள், நல்ல நோக்கத்தோடு கூட. ஊரில் இன்னும் இருக்கும் அண்ணனோ அக்காவோ அதற்கு விலை கொடுக்க நேரலாம்.

வேலை விஷயத்தில்தான் மனம் அதிகம் உடைகிறது. அங்கே பொறியாளர், இங்கே பாத்திரம் கழுவுபவர். முதல் வேலை எதுவாக இருந்தாலும் மரியாதையான வேலைதான், வாடகை கட்ட வேண்டும். ஆனால் அதிலேயே பத்து வருடம் போய்விடாமல் இருக்க, முதல் மாதத்திலேயே படிப்புச் சான்றிதழ்களை இங்கே ஏற்கவைக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். சான்றிதழே இல்லாதவர்களுக்கும் வழி பிறந்திருக்கிறது. ஐரோப்பா கவுன்சில் (Council of Europe) 2017இல் தொடங்கிய அகதிகளுக்கான கல்வித் தகுதிப் பாஸ்போர்ட், இருக்கும் ஆவணங்களையும் நேர்காணலையும் வைத்தே ஒருவர் என்ன படித்தார் என்று மதிப்பிட்டுத் தருகிறது. அது பட்டத்துக்குச் சமமாகிவிடாது. கதவைத் தட்ட ஒரு காகிதம். உங்கள் பக்கத்து வீட்டு மனிதர் என்ன தொழில் செய்தார் என்று கேளுங்கள், அதே தொழிலில் இங்கே இருக்கும் ஒருவரை அறிமுகப்படுத்துங்கள். ஓர் அரை மணி நேரம் அந்த இரண்டு பேரும் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசட்டும். அந்த அரை மணி நேரமும் அவர் அகதி இல்லை, பொறியாளர்.

மனைவிக்கு மொழி வகுப்பு கிடைக்காமல் போவது வழக்கம், ஏனென்றால் பிள்ளைகளையும் பாட்டியையும் பார்க்க ஆள் இல்லை. வகுப்பு நேரத்தில் இரண்டு மணி நேரம் நீங்கள் போய் உட்கார்ந்தால் அது ஒரு வருட நன்கொடைக்குச் சமம். பாட்டியைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. அவர் வீட்டை விட்டு வெளியே வராமல், ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நாள் கழிப்பார். அவருடைய மொழி பேசும் இன்னொரு வயதானவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், எந்த ஆலோசகரும் செய்ய முடியாததைச் செய்துவிடுவீர்கள்.

தூக்கமின்மை, கெட்ட கனவு, சத்தத்துக்குத் திடுக்கிடுவது எல்லாம் ஆரம்பத்தில் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சாதாரண மனிதர்கள் செய்ய வேண்டியதை மூன்று சொல்லில் வைத்தது: பார், கேள், இணை. மூன்றாவது சொல்தான் பலருக்கு மறந்துவிடும். நீங்கள் குணப்படுத்த வேண்டாம், குணப்படுத்தத் தெரிந்தவரோடு சேர்த்துவிடுங்கள். சாக வேண்டும் என்று யாராவது பேசினால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அப்புறம், குடும்பத்தில் யாராவது வழியில் காணாமல் போயிருந்தால், செஞ்சிலுவைச் சங்கம் உறவினர்களைத் தேடித் தரும் சேவையை இலவசமாகச் செய்கிறது. இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

ஒரு குடும்பத்துக்கு மேல் ஏதாவது செய்ய வேண்டும் என்று பிறகு தோன்றலாம். 2024 இறுதியில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர் என்று ஐ.நா. அகதிகள் முகமை கணக்கிட்டது. பெரும்பான்மையோர் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்மாறியவர்கள். எல்லை தாண்டியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் அண்டை நாட்டோடு நிற்கிறார்கள். மூன்றாம் நாட்டில் மீள்குடியேற்றம் கிடைப்பது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்படி வந்தவர்கள் என்றால், எத்தனை பேரை விட்டுவிட்டு வந்த குற்ற உணர்வோடு இருக்கிறார்கள் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

சாதாரண மக்கள் சேர்ந்து இந்த எண்ணிக்கையைக் கூட்ட முடியும் என்பதைக் கனடா காட்டியது. 1979, 1980 இரண்டே வருடத்தில் வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து 60,000 பேர் அங்கே குடியேறினார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைப் பொறுப்பேற்று அழைத்தவை தேவாலயங்களும் நண்பர் குழுக்களும். ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு முதல் வருடச் செலவையும் துணையையும் ஏற்கலாம் என்ற ஏற்பாடு அங்கே சட்டத்தில் இருக்கிறது; 2024 நவம்பரில் அதற்குப் புது விண்ணப்பங்கள் வாங்குவதைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். வேறு சில நாடுகளும் அதைப் பின்பற்றிச் செய்கின்றன. அகதிகளுக்கு உதவுபவர்களுக்கு ஐ.நா. அகதிகள் முகமை தரும் நான்சென் பதக்கம் 1986இல் கனடா மக்கள் எல்லோருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. உங்கள் நாட்டில் இப்படி ஒரு வழி இருந்தால் நான்கு நண்பர்களைச் சேருங்கள். ஒரு குடும்பத்தை ஒற்றை ஆளாகத் தாங்க முயன்று எட்டு மாதத்தில் களைத்து விலகியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விலகிப் போவது அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு இழப்பு.

சனிக்கிழமைக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்று கேட்டீர்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது சின்னதாக, அவ்வளவு போதும். கதவுக்கு வெளியிலிருந்தே உங்கள் பெயரைச் சொல்லுங்கள், சீருடை மாதிரித் தெரியும் உடுப்பு வேண்டாம், ஓங்கித் தட்ட வேண்டாம். உள்ளே கூப்பிட்டால் அநேகமாக உங்களுக்கு எதையாவது சமைத்துப் போடுவார்கள், அவர்களிடம் இருப்பதே கொஞ்சம்தான் என்று உங்களுக்குத் தெரியும். "வேண்டாம், சிரமப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வீட்டுக்கு வந்திருக்கும் முதல் விருந்தாளி நீங்களாக இருக்கலாம். உட்கார்ந்து, தட்டில் வைத்ததை முழுவதும் சாப்பிட்டுவிட்டு, எப்படிச் செய்தீர்கள் என்று அந்தப் பாட்டியிடம் கேளுங்கள்.